குரூஸ் கன்ட்ரோல் பிறந்த கதை: கார் வேகத்தைச் சீராக்கிய பார்வையற்ற பொறியாளர்

தினமும் வேலைக்காக நெடுஞ்சாலையில் நூறு, இருநூறு கிலோ மீட்டர் கார் ஓட்டுபவர்களுக்கு முதலில் மக்கர் பண்ணுவது வலது கால்தான். ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தத்தில் மணிக்கணக்கில் மிதித்தபடி இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் வேகம் எகிறும். கொஞ்சம் அசந்தால் வண்டி மெதுவாகி, பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். வீடு வந்து சேர்வதற்குள் கணுக்கால் மரத்துப்போகும்.

இன்று பல கார்களில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. விரும்பிய வேகத்துக்கு வந்ததும் ஸ்டியரிங்கில் உள்ள பட்டனைத் தட்டினால் போதும். காலை எடுத்துவிடலாம், கார் அதே வேகத்தில் போகும். இதுதான் குரூஸ் கன்ட்ரோல். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைப்பது, தடம் மாறாமல் ஸ்டியரிங்கைத் திருப்புவது என்று இப்போது விளம்பரப்படுத்தப்படும் 'அடாஸ்' வசதிகளுக்கெல்லாம் இதுதான் மூத்தது.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதில் பார்வை இழந்தவர். சாலையையும் வேகமானியையும் பார்க்க முடியாத ஒருவருக்கு, காரின் வேகத்தைச் சீராக வைக்கும் யோசனை எப்படி வந்தது? அவர் தொடங்கிவைத்த இந்த வசதிகள் நீண்ட பயணத்தின் அலுப்பை எவ்வளவு குறைக்கின்றன? எந்த இடத்தில் கைவிடுகின்றன?

ஐந்து வயதில் என்ன நடந்தது?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்றொரு சிற்றூர். அங்கே 1890 ஆகஸ்ட் 17 அன்று பிறந்தார் டீட்டர். ஐந்து வயதில் கத்தியை வைத்து எதையோ செய்துகொண்டிருந்தபோது அது நழுவி ஒரு கண்ணில் பட்டது. பாதிப்பு அந்தக் கண்ணோடு நிற்கவில்லை. ஒரு கண்ணில் ஆழமான காயம் ஏற்பட்டால், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே சில நேரம் நல்ல கண்ணையும் தாக்கத் தொடங்கிவிடும். இன்று இதற்கு மருந்து இருக்கிறது. அன்று இல்லை. ஒரு வருடத்துக்குள் சிறுவனுக்கு இரண்டு கண்களும் இருண்டுபோயின.

பெற்றோர் ஒரு முடிவெடுத்தார்கள். மகனைத் தனியாகப் பொத்திப் பொத்தி வளர்ப்பதில்லை, மற்ற பிள்ளைகள் செய்வதை அவனும் செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவனைப் 'பார்வையில்லாதவன்' என்று வீட்டில் யாரும் நடத்தவில்லை. அந்த வீட்டில் பிறந்ததில் இன்னொரு வசதியும் இருந்தது. அது இயந்திரங்களோடு பழகிய குடும்பம்.

டீட்டரின் பெரியப்பா, சித்தப்பா, அப்பா என எல்லாரும் பட்டறை மனிதர்கள். தண்டவாளத்தின் மேல் மிதித்து ஓட்டக்கூடிய ரயில் சைக்கிளை உருவாக்கிய சார்லஸ் டீட்டர், அப்பாவின் உடன்பிறந்தவர். தண்டவாளத்தைச் சோதிக்கப் போகும் ரயில்வே ஊழியர்களுக்கான வண்டி அது. அதைத் தயாரிக்க 1895ல் குடும்பம் ஒரு கம்பெனியைத் தொடங்கியது. பிறகு மிதிவண்டிக்குப் பதில் மோட்டார் வைத்த வண்டிகள், அப்புறம் கார்களுக்கான இன்ஜின்கள் என்று தொழில் வளர்ந்தது. சிறுவன் ரால்ஃபுக்கு விளையாட்டுத் திடலே அந்தப் பட்டறைதான். நட்டு, போல்ட், ஸ்பேனர், கடைசல் இயந்திரம் எல்லாம் கைக்குப் பழகின. ஒரு பொருளைத் தடவிப் பார்த்து, அதன் முழு வடிவத்தையும் மனதில் கொண்டுவரும் திறமை அங்கேதான் வளர்ந்தது.

12 வயதில் உறவுக்காரப் பையன் ஒருவனோடு சேர்ந்து சொந்தமாக ஒரு சின்ன காரையே கட்டிவிட்டார். மணிக்கு சுமார் 40 கிலோ மீட்டர் வேகம் போகும் கார். அது 1902ஆம் ஆண்டு. ஹென்றி ஃபோர்டு தன் பெயரிலான கம்பெனியைத் தொடங்கவே இன்னும் ஒரு வருடம் இருந்தது.

கல்லூரியில் இடம் கிடைத்ததா?

பட்டறையில் கைதேர்ந்தால் மட்டும் பொறியாளர் ஆகிவிட முடியாது. பட்டம் வேண்டும். ஆனா பார்வையில்லாத ஒருவரை இயந்திரப் பொறியியல் வகுப்பில் சேர்த்துக்கொள்ள அன்றைய கல்வி நிறுவனங்கள் தயாராக இல்லை. வரைபடம் எப்படிப் படிப்பார், ஆய்வகத்தில் என்ன செய்வார் என்ற கேள்விதான் முதலில் வந்தது.

உதவிக்கு வந்தவர் உறவுக்காரப் பெண் நீவா டியர்டார்ஃப். அவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. அவர் எடுத்த முயற்சியால் அங்கே டீட்டருக்கு இடம் கிடைத்தது. பாடப்புத்தகங்களை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். கணக்குகளை மனதுக்குள்ளேயே போட வேண்டும். மற்ற மாணவர்கள் தாளில் வைத்துக்கொண்டதை இவர் தலையில் வைத்துக்கொண்டார். 1912ல் இயந்திரப் பொறியியல் பட்டத்தோடு ஊர் திரும்பினார்.

கப்பலில் கண்டுபிடித்த சூட்சுமம்

முதல் உலகப் போர் வந்தது. நியூ ஜெர்சி மாநிலம் கேம்டனில் இருந்த பெரிய கப்பல் கட்டும் நிறுவனத்தில் வேலைக்குப் போனார் டீட்டர். அங்கே அமெரிக்கக் கடற்படைக்காக வேகமான போர்க்கப்பல்கள் கட்டப்பட்டன. அவற்றை ஓட்டும் நீராவி டர்பைன்களில் ஒரு சிக்கல் இருந்தது.

டர்பைனின் நடுவே சுழலும் தண்டு டன் கணக்கில் எடை கொண்டது. அதன் எடை எல்லாப் பக்கமும் சமமாக இல்லாவிட்டால், வேகமாகச் சுழலும்போது கப்பலே நடுங்கும், தாங்கிகள் தேய்ந்துபோகும். நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். சுற்ற ஆரம்பித்த பிறகுதான் வில்லங்கம் வெளியே வரும். சுழலும் நிலையிலேயே அதைச் சமன் செய்வது எப்படி என்று பலரும் திணறிக்கொண்டிருந்தபோது, அதற்கு ஒரு முறையை உருவாக்கித் தந்தார் டீட்டர். அதிர்வு என்பது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிடத் தொட்டு உணர்ந்து தெரிந்துகொள்ள வேண்டிய சமாச்சாரம். அந்த விஷயத்தில் அவருக்குப் பல வருடப் பயிற்சி இருந்தது.

போர் முடிந்ததும் ஹேகர்ஸ்டவுனுக்கே வந்துவிட்டார். அதற்குள் குடும்பத் தொழில் பிஸ்டன் ரிங் தயாரிப்புக்கு மாறியிருந்தது. இன்ஜினுக்குள் பிஸ்டனைச் சுற்றி உட்காரும் மெல்லிய உலோக வளையம்தான் பிஸ்டன் ரிங். அது கச்சிதமாக உட்காராவிட்டால் இன்ஜினில் புகை வரும், ஆயில் எரியும், இழுவை போய்விடும். 'பெர்ஃபெக்ட் சர்க்கிள்' என்ற பெயரில் வந்த இந்த ரிங்குகள் அமெரிக்கா முழுக்கப் பேர் வாங்கின. பொறியியல் பிரிவைப் பார்த்துக்கொண்ட டீட்டர், 1946 முதல் 1957 வரை அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்தார். அதற்கு முன்பே, 1936ல், எஸ்.ஏ.இ. எனப்படும் வாகனப் பொறியாளர்கள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். இந்தச் சங்கத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய அடாஸ் கதையில் அது மறுபடியும் வரும்.

யோசனை எப்படி வந்தது?

டீட்டர் எங்கே போனாலும் வேறு யாராவதுதான் கார் ஓட்ட வேண்டும். அவர் பக்கத்து இருக்கையில் இருப்பார். அப்படி அடிக்கடி அவரை அழைத்துப்போனவர்களில் அவருடைய காப்புரிமை வழக்கறிஞரும் ஒருவர். அந்த மனிதருக்கு ஒரு பழக்கம். தான் பேசும்போது காரை மெதுவாக்கிவிடுவார். மற்றவர் பேசுவதைக் கேட்கும்போது வேகத்தைக் கூட்டிவிடுவார். பேச்சு போகப் போக, கார் முன்னும் பின்னும் உலுக்கிக்கொண்டே போகும்.

பார்வையுள்ள பயணி என்றால் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு இதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். டீட்டருக்கோ பயணம் என்பதே உடம்பில் உணரும் அசைவும் இன்ஜின் சத்தமும்தான். வேகம் ஏறுவதும் இறங்குவதும் அவருக்கு ஒவ்வொரு தடவையும் தெரிந்தது. ஓட்டுபவருக்கோ தான் அப்படிச் செய்கிறோம் என்பதே தெரியவில்லை. இங்கேதான் டீட்டர் விஷயத்தைப் பிடித்தார். மனம் வேறு எங்காவது போனால் கால் தன் போக்கில் நடந்துகொள்கிறது. அப்படியானால் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் காலிடமிருந்து வாங்கி, ஒரு கருவியிடம் கொடுத்துவிட்டால் என்ன?

இன்னொரு காரணமும் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவின் ரப்பர் தோட்டங்கள் ஜப்பான் வசம் போனதால், அமெரிக்காவில் டயருக்குக் கடும் தட்டுப்பாடு. ரப்பரையும் எரிபொருளையும் மிச்சப்படுத்த, மணிக்கு 35 மைல், அதாவது சுமார் 56 கிலோ மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. காலியான சாலையில் அவ்வளவு மெதுவாக, அதுவும் ஒரே சீராக ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது.

அந்தக் கருவி எப்படி வேலை செய்தது?

வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் எண்ணம் அதற்கு முன்பும் உண்டு. 1788லேயே ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினுக்கு இரண்டு குண்டுகள் சுழலும் ஒரு அமைப்பை வைத்தார். வேகம் கூடினால் குண்டுகள் வெளிப்பக்கம் விரியும், அந்த அசைவு நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் உள்ளே வரும், நீராவி கூடும். 1910களில் சில கார்களிலும் இது போன்ற அமைப்புகள் எட்டிப்பார்த்தன. ஆனா சாதாரண ஓட்டுநர் தினமும் பயன்படுத்தும் அளவுக்கு எதுவும் நிலைக்கவில்லை.

டீட்டரும் அதே தத்துவத்தைத்தான் எடுத்துக்கொண்டார். காரின் முன்பலகையில் ஒரு திருகு. ஓட்டுநர் தனக்கு வேண்டிய வேகத்தை அதில் வைத்துக்கொள்வார். சக்கரத்துக்குப் போகும் தண்டின் சுழற்சியைக் கொண்டு, உள்ளே ஒரு சுழல் எடை அமைப்பு வேகத்தை அளந்துகொண்டே இருக்கும். கார் அந்த வேகத்தைத் தொட்டதும், இன்ஜினின் வெற்றிட இழுவையால் இயங்கும் பிஸ்டன் ஒன்று ஆக்ஸிலரேட்டர் பெடலைக் காலுக்கு எதிராகத் தள்ளும். அதாவது, போதும், இதற்கு மேல் வேண்டாம் என்று கார் ஓட்டுநரின் பாதத்தில் சொல்லும். அவசரத்துக்கு முந்திப்போக வேண்டுமானால், கொஞ்சம் பலமாக மிதித்தால் பெடல் வழிவிடும்.

வேகமானியைக் குனிந்து பார்க்கத் தேவையில்லை. தகவல் தொடு உணர்வாகவே வந்து சேரும். கண் சாலையிலேயே இருக்கலாம்.

1945ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1950 ஆகஸ்ட் 22ல் கிடைத்தது. அதன்பிறகும் பல ஆண்டுகள் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருந்தார். பின்னால் வந்த வடிவத்தில், வைத்த வேகத்தைக் கருவியே பிடித்துக்கொள்ளும் பூட்டு ஒன்று சேர்ந்தது. இப்போது கால் பெடலில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிரேக்கை லேசாகத் தொட்டால் பூட்டு விடுபட்டு, வண்டி முழுக்க ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும்.

பெயரில் இருந்த சிக்கல்

கன்ட்ரோல்மேட்டிக், டச்சோமேட்டிக், பிரஸ்ஸோமேட்டிக் என்று பல பெயர்கள் யோசிக்கப்பட்டு, கடைசியில் 'ஸ்பீடோஸ்டாட்' என்ற பெயர் நின்றது. 1958 மாடலாக வந்த கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல், நியூயார்க்கர், விண்ட்சர் கார்களில் முதன்முறையாக இது கூடுதல் விலைக்குக் கிடைத்தது. கிரைஸ்லர் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஆட்டோ பைலட்'. அடுத்து கேடிலாக் கார்களில் வந்தபோது அது 'குரூஸ் கன்ட்ரோல்' ஆனது. அந்தப் பெயரே உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது.

ஆட்டோ பைலட் என்றால் கேட்பவருக்கு என்ன தோன்றும்? கார் தானே ஓட்டும் என்றுதானே? கருவி பார்த்துக்கொண்டதோ வேகத்தை மட்டும்தான். வளைவோ, முன்னால் நிற்கும் லாரியோ, குறுக்கே ஓடும் நாயோ அதற்குத் தெரியாது. வேன் வீட்டில் குரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டு, ஓட்டுநர் காபி கலக்கப் பின்பக்கம் போனார் என்று ஒரு கட்டுக்கதை அமெரிக்காவில் பல காலமாக உலவுகிறது. அப்படி நடந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனா அப்படியொரு கதை பரவியதே, மக்கள் மனதில் அந்தக் கருவியைப் பற்றி இருந்த குழப்பத்தைக் காட்டுகிறது.

இந்தப் பிரச்சினை பழைய கதையாகிவிடவில்லை. டெஸ்லா தன் ஓட்டுநர் உதவி வசதிக்கும் 'ஆட்டோ பைலட்' என்றே பெயர் வைத்தது. ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் போதவில்லை என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு சுட்டிக்காட்ட, 2023 டிசம்பரில் 20 லட்சத்துக்கும் அதிகமான கார்களுக்கு மென்பொருள் மாற்றம் செய்ய வேண்டிவந்தது.

பெட்ரோல் தட்டுப்பாடு கொடுத்த வாழ்வு

ஆரம்பத்தில் குரூஸ் கன்ட்ரோல் விலையுயர்ந்த கார்களின் அலங்காரம்தான். 1973ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியபோது நிலைமை மாறியது. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. 1974ல் அமெரிக்கா நாடு முழுக்க வேக வரம்பை மணிக்கு 55 மைல், சுமார் 88 கிலோ மீட்டர் என்று குறைத்தது. நெடுஞ்சாலையில் வேகத்தைச் சீராக வைத்தால் எரிபொருள் மிச்சம் என்பதால் குரூஸ் கன்ட்ரோலுக்கு மவுசு கூடியது.

மிச்சம் என்பது வெறும் பேச்சா? கனடாவின் இயற்கை வள அமைச்சகம் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. 18 விநாடிகளுக்கு ஒருமுறை வேகத்தை 75க்கும் 85க்கும் இடையே ஏற்றி இறக்கினால் எரிபொருள் செலவு 20 சதவீதம் வரை கூடலாம். அந்த வழக்கறிஞர் பேசிக்கொண்டே ஓட்டியதும் கிட்டத்தட்ட இப்படித்தான்!

டீட்டருக்குப் பிறகு என்ன வந்தது?

சாதாரண குரூஸ் கன்ட்ரோலுக்குக் கண் கிடையாது. முன்னால் வண்டி மெதுவானால் ஓட்டுநர்தான் பிரேக் போட வேண்டும். போக்குவரத்து அதிகமுள்ள சாலையில் அதைப் போடுவதும் எடுப்பதுமே ஒரு வேலையாகிவிடும்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் 'அடாப்டிவ்' குரூஸ் கன்ட்ரோல். 1995ல் மிட்சுபிஷி டயமான்டே காரில், முன்னால் போகும் வண்டியின் தூரத்தை லேசர் ஒளியால் அளந்து வேகத்தைக் குறைக்கும் வசதி வந்தது. அதனால் பிரேக் போட முடியாது, ஆக்ஸிலரேட்டரையும் கியரையும் மட்டும் குறைக்கும். 1999ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் ரேடாரைக் கொண்டுவந்தது, பிரேக்கும் சேர்ந்தது. பிறகு நின்று நின்று ஊரும் நெரிசலிலும் வேலை செய்யும் வடிவங்கள், தடக்கோடுகளைக் கேமராவால் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பும் வசதி, மோதப்போகும் நேரத்தில் தானே பிரேக் போடும் வசதி என்று வரிசையாக வந்தன.

எது எவ்வளவு தானியங்கி என்று மக்களுக்குப் புரிய ஒரு அளவுகோல் தேவைப்பட்டது. 2014ல் அதை வகுத்துக் கொடுத்தது டீட்டர் ஒரு காலத்தில் தலைமை வகித்த அதே எஸ்.ஏ.இ. அமைப்புதான். பூஜ்ஜியம் முதல் 5 வரை ஆறு நிலைகள். வேகம் அல்லது ஸ்டியரிங், இரண்டில் ஒன்றைக் கார் தொடர்ந்து கவனித்தால் நிலை 1. இரண்டையும் கவனித்தால் நிலை 2. இந்த நிலை வரைக்கும் சாலையைப் பார்ப்பது முழுக்க ஓட்டுநரின் பொறுப்பு. நிலை 3ல், குறிப்பிட்ட சூழலில் கார் ஓட்டும், கேட்கும்போது ஓட்டுநர் ஏற்க வேண்டும். நிலை 5 என்றால் எங்கேயும் எப்போதும் காரே ஓட்டும். இன்று சாதாரண மக்கள் வாங்கும் கார்களில் உள்ள அடாஸ் பெரும்பாலும் நிலை 1 அல்லது 2 தான். டீட்டரின் குரூஸ் கன்ட்ரோலோ இந்த அளவுகோலில் ஒன்றாம் நிலைக்குக்கூட வராது. வெளியே என்ன நடக்கிறது என்று அது பார்ப்பதில்லையே!

நீண்ட பயணத்தில் எது எவ்வளவு உதவும்?

காலுக்குக் கிடைக்கும் ஓய்வு நிச்சயம். சீரான வேகமும், அதனால் எரிபொருள் மிச்சமும் நிச்சயம். அடாப்டிவ் வகையில், முன்வண்டிக்கு இடைவெளி விடும் வேலையும் கொஞ்சம் குறைகிறது. மணிக்கு 100 கிலோ மீட்டரில் போகும் கார் இரண்டு விநாடியில் 55 மீட்டர் கடந்துவிடும். அந்த இடைவெளியைக் களைப்பில்லாமல் பிடித்துக்கொண்டே இருப்பது மனிதரைவிட ரேடாருக்குச் சுலபம். தானே பிரேக் போடும் வசதி உள்ள கார்கள் முன்வண்டியின் பின்னால் மோதும் விபத்துகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதாக அமெரிக்கக் காப்பீட்டுத் துறையின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

ஆனா அதே நிறுவனம் 2024ல் இன்னொன்றையும் சொன்னது. வேகம், ஸ்டியரிங் இரண்டையும் சேர்த்துக் கவனிக்கும் வசதிகள் விபத்தைத் தடுக்கின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அவற்றைப் பாதுகாப்பு வசதி என்பதைவிடச் சொகுசு வசதி என்று எடுத்துக்கொள்வதே சரி.

ஏன் இப்படி? முதல் காரணம் கருவியின் எல்லை. ரேடாருக்குப் பாலம், பலகை, தடுப்பு என்று நிற்கும் பொருள்களிலிருந்து எதிரொலி வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி நகராது. அதனால் பல அமைப்புகள் நிற்பவற்றைக் கழித்துவிட்டு, நகர்பவற்றையே கவனிக்கும். அந்தக் கழிவில், சாலையோரம் பழுதாகி நிற்கும் லாரியும் சேர்ந்துவிட வாய்ப்புண்டு. கேமராவுக்கோ தடக்கோடு அழிந்திருந்தால், கொட்டும் மழை பெய்தால், எதிர்வெயில் அடித்தால் தடுமாற்றம். ஈரச் சாலையில் குரூஸ் கன்ட்ரோலே வேண்டாம் என்று கார் கையேடுகள் எச்சரிக்கின்றன. டயர் வழுக்கும் நேரத்தில் வேகத்தை உடனே குறைக்க வேண்டியது கால்தான்.

இரண்டாவது காரணம் மனிதரின் எல்லை. டீட்டர் தன் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே 1940களில், இங்கிலாந்தில் நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். ரேடார் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் விமானப்படையினர் ஏன் சில சமயம் எதிரியைத் தவறவிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஒரு முள் சீராக நகரும், எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் அரை மணி நேரத்திலேயே தவறவிடுவது கூடிவிட்டது. எதுவும் செய்யாமல் வெறுமனே கண்காணித்துக்கொண்டிருப்பது மனித மூளைக்கு ஒத்துவராத வேலை என்பது 1948லேயே தெரிந்துபோனது.

நிலை 2 கார் ஓட்டுநரிடம் கேட்பது அதே வேலையைத்தான். கையும் காலும் சும்மா இருக்க, கண் மட்டும் விழித்திருக்க வேண்டும். கால் வலி குறையும், ஆனா தூக்கம் சீக்கிரம் வரும். அதனால் இந்த வசதிகள் இருக்கின்றன என்பதற்காக நிற்காமல் ஓட்டுவதில் அர்த்தமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பதற்கு எந்த ரேடாரும் மாற்று கிடையாது. கண் சொருகினால் வண்டியை ஓரங்கட்டித்தான் ஆக வேண்டும். காலியான, வறண்ட, நேரான நெடுஞ்சாலையில் இவை நல்ல துணை. மழையிலும், வளைவிலும், சாலைப் பணி நடக்கும் இடத்திலும், ஊருக்குள் நுழையும்போதும் அணைத்துவிடுவதே நல்லது.

கடைசிக் காலம்

பெர்ஃபெக்ட் சர்க்கிள் நிறுவனம் 1963ல் டானா கார்ப்பரேஷன் கைக்குப் போனது. டீட்டர் ஓய்ந்துவிடவில்லை. மோட்டார் புல்வெட்டி, பூட்டு, மீன் தூண்டிலைப் பிடித்துக்கொள்ளும் தாங்கி என்று அவர் செய்து பார்த்தவை பல. பொறியியல் சொல்லிக்கொடுக்கும் இளம் ஆசிரியர்களுக்கு எஸ்.ஏ.இ. அமைப்பு அவர் பெயரில் விருது வழங்குகிறது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை மகள் எழுதி 1995ல் வெளியிட்டார். இண்டியானாவில் உள்ள எர்ல்ஹம் கல்லூரியில் அவர் பெயரைத் தாங்கி நிற்பது ஒரு கோளரங்கம். வானத்தைப் பார்க்காமலே வாழ்ந்தவரின் பெயரில், அடுத்தவர்கள் நட்சத்திரம் பார்க்க ஓர் இடம்.

1982 பிப்ரவரி 15 அன்று, 91வது வயதில் டீட்டர் காலமானார். ஆறு வருடம் கழித்து, 1988ல், அமெரிக்காவின் வாகனத் துறைப் புகழரங்கில் அவர் பெயர் இடம்பெற்றது.

அவருடைய சுழல் எடைகளும் வெற்றிட பிஸ்டனும் இப்போது எந்தக் காரிலும் இல்லை. அந்த வேலையைக் கணினிச் சில்லு பார்த்துக்கொள்கிறது. ஆனா ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் பிரேக்கைத் தொட்ட அடுத்த கணம் குரூஸ் கன்ட்ரோல் விலகிக்கொண்டு, வண்டியை ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் அவர் கண் சாலையில் இருக்க வேண்டும்.